ஊருக்கு வரும்போது அம்மாவின் போனையும் பார்த்துவிடுங்கள்

டிசம்பர் 3ஆம் தேதி கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்ததுமே குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறிவிடும். குடில் கட்ட வைக்கோல் தேடுவார்கள். பின்னாலேயே சுசீந்திரத்தில் மார்கழித் தேர் வரும். மஸ்கட், தோஹா, சிங்கப்பூர், லண்டன் என்று சிதறிக் கிடப்பவர்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை தாண்டி ஊர் சேரும் நாட்கள் இவை. ஏமாற்றுக்காரர்களும் இந்த நாட்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் மஸ்கட்டிலிருந்து கிளம்பும்போது, போர்டிங் பாஸைப் படமெடுத்து முகநூலில் போட்டேன். விமானம் பறந்துகொண்டிருந்த மூன்றரை மணி நேரத்துக்குள் தக்கலையில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு போன். "உங்க மகன் கஸ்டம்ஸ்ல மாட்டியிருக்கார், தங்கம் இருந்தது, உடனே 80,000 ரூபாய் கட்டினா விட்டுடுவோம்." அம்மா என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். என் போன் அணைந்திருந்தது. என் பெயர், நான் எந்த விமானத்தில் வருகிறேன் எல்லாம் அவன் சரியாகச் சொன்னதால் அம்மா நம்பிவிட்டாள். "பிளேன் இன்னும் இறங்கவே இல்லையே, அதுக்குள்ள எப்படிப் பிடிப்பாவ?" என்று பக்கத்து வீட்டு மைனி கேட்டதால்தான் பணம் தப்பியது. வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் அம்மா அழுத அழுகை இன்னும் மனசில் இருக்கிறது.

அதனால் முதல் வேண்டுகோள்: பயணப் படங்களைப் பயணம் முடிந்த பிறகு போடுங்கள். போர்டிங் பாஸில் உள்ள பார்கோடிலும் பதிவு எண்ணிலும் உங்கள் பயண விவரம் இருக்கிறது. மறைக்காமல் போட்டால் யாரும் படிக்கலாம். கிளம்புவதற்கு முன் அம்மாவிடம் விமான நேரத்தைச் சொல்லி, "அதுவரை என் போன் எடுக்காது, என் பேரைச் சொல்லி யார் பணம் கேட்டாலும் நான் வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். குடும்பத்துக்குள் ஒரு குறிச்சொல்லும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் வளர்த்த ஆட்டின் பேரோ, பழைய பட்டப்பேரோ போதும். குரலையே நகல் எடுத்துப் பேசும் காலம் இது. "அம்மா" என்று கூப்பிட்டால் அது நம் பிள்ளைதான் என்று அம்மாக்கள் இனி நம்ப முடியாது.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் இ-விசாவுக்கு அரசின் இந்தியன்விசாஆன்லைன் டாட் கவ் டாட் இன் என்ற முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரத் தளங்கள். அவை கூடுதல் பணம் வாங்குவதோடு பாஸ்போர்ட் நகலையும் சேர்த்தே வாங்கிவிடும். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவர் இந்தியா வரும் முன் ஆன்லைனில் நிரப்பும் வருகைப் படிவமான இ-அரைவல் கார்டு இலவசம். அதற்குக் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கன்னியாகுமரியில் அறை பிடிப்பதில் தனிக் கவனம் வேண்டும். சபரிமலை சீசனில் ஐயப்பப் பக்தர்கள் வரும் நேரமும் இதுதான், கிறிஸ்துமஸ் விடுமுறையும் இதுதான். அறைகள் நிரம்பிவிடும். "கடல் பார்த்த அறை, பாதிப் பணம் இப்போதே அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் படத்தோடு வருகிறவர்கள் இந்தப் பதற்றத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். கூகுள் மேப்பில் இருக்கும் எண்ணைக்கூட யாரோ மாற்றி வைத்திருக்கலாம். நாகர்கோவிலில் ஒரு சொந்தக்காரர் இல்லாத குமரிக்காரர் கிடையாது. ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். விவேகானந்த கேந்திரத்தின் விடுதியோ, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியோ வேண்டுமென்றால் அவர்களின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை ஓட்டுவது அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைப் பார்க்கவும் அந்தப் படகில்தான் போக வேண்டும். வரிசை நீளம் என்பதால் "பின்வழி டிக்கெட்" என்று லிங்க் அனுப்புவான், தொடாதீர்கள்.

தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வடசேரி டீக்கடை வரை எல்லாம் இப்போது கியூஆர் ஸ்கேன்தான். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர், பிரிட்டன், அமீரகம், ஓமான் போன்ற சில நாடுகளின் போன் எண்ணை வைத்தே யுபிஐ போடலாம். மனதில் இருத்த வேண்டியது ஒன்றுதான். பணம் உங்கள் கைக்கு வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் பணம் போகும், வராது. கட்டும் முன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் ஒருமுறை சொல்லிக் கேளுங்கள், அவர் கோபப்பட மாட்டார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. விருந்தும் கோயிலும் சொந்தக்கார வீடுகளும் போக, ஒரே ஒரு மத்தியானத்தை அம்மா அப்பாவின் போனுக்கு ஒதுக்குங்கள். தூரத்திலிருந்து வீடியோ காலில் "அந்தப் பட்டனை அமுக்கும்மா" என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நடக்கும்.

வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, ஆறு இலக்க எண்ணை அம்மாவுக்கு நினைவிருக்கும்படி வையுங்கள். தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காமல் இருக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம், பேங்க் கேஒய்சி என்ற பேரில் ஏபிகே கோப்பு வரும், அதாவது போனில் ஆப் நிறுவும் கோப்பு. அதைத் திறந்து நிறுவினால் ஓடிபி எல்லாம் அடுத்தவன் கைக்குப் போய்விடும். கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், ஏபிகேயாக வராது என்று சொல்லிக்கொடுங்கள். வெளியிலிருந்து ஆப் நிறுவும் அனுமதியை அணைத்து வையுங்கள்.

பணத்தையும் பிரித்து வையுங்கள். யுபிஐ இணைந்த கணக்கில் மாதச் செலவுக்கு வேண்டிய அளவு மட்டும் இருக்கட்டும். நீங்கள் அனுப்பிச் சேர்த்தது வேறு கணக்கிலோ டெபாசிட்டிலோ இருக்கட்டும். எது தவறினாலும் மொத்தமும் போகாது. ஆதார் கைரேகையைப் பூட்டி வைப்பதும் நல்லதுதான். ஆனால் ரேஷன் கடையில் விரல் வைக்கிறவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் திறந்து கொடுக்க ஆள் வேண்டும். வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

"டிஜிட்டல் அரெஸ்ட்" பற்றிப் பொறுமையாகப் பேசுங்கள். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, கதவைப் பூட்டு, யாரிடமும் சொல்லாதே என்பான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்திலேயே இல்லை. நம் பெற்றோர் போலீஸ், கோர்ட் என்றால் நடுங்கும் தலைமுறை. "பயந்து போனை வெச்சாலும் உங்களை யாரும் ஒன்றும் செய்ய மாட்டாங்க" என்று நீங்கள் வாயால் சொல்லிக் கேட்டிருந்தால்தான் அந்த நேரத்தில் அவர்களுக்குத் தைரியம் வரும்.

எல்லாம் மீறிப் பணம் போய்விட்டால் அம்மாவைத் திட்டாதீர்கள். அடுத்த முறை நடந்தால் உங்களிடம் மறைத்துவிடுவாள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், அம்மாவின் போனிலிருந்தே. போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் தடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். பேங்குக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள்.

திரும்பும் நாளில் டிக்கெட் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போவீர்கள். அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்தால் வெளியேறிவிட்டு வாருங்கள். பாஸ்போர்ட் நகல் ஒன்று கூடுதலாக விழுந்திருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன், சுவர்க் காலண்டரின் அட்டையில் 1930 என்று பெரிதாக எழுதி, கீழே உங்கள் வெளிநாட்டு எண்ணையும் எழுதுங்கள். புது வருடக் காலண்டர் எப்படியும் அப்போது மாட்டியிருப்பார்கள்.