புற்றுநோயாளிகளுக்கு குவில்ட் தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்குத் தன் கையால் ஒரு குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என்று மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை) தைத்துக் கொடுக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் நிறைய. வந்ததும் செய்யும் தவறுகளும் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பாபினில் நூல் சிக்குவது, கட்டத்தின் மூலைகள் பொருந்தாமல் போவது போன்றவற்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவை உடனே கண்ணில் படும், நாலு கட்டம் தைத்தால் சரியாகிவிடும். தைக்கும்போது தெரியாமல் இருந்து, நோயாளியின் வீட்டுக்குப் போன பிறகு வெளிப்படும் தவறுகள்தான் இங்கே விஷயம்.

இந்த குவில்ட் சுவரில் மாட்டும் குவில்ட் இல்லை. கீமோ ஏற்றும் நாற்காலியில் மணிக்கணக்கில் மடிமேல் கிடக்கும். வாந்தி படும், மருந்து சிந்தும், வியர்வை ஊறும். மருந்து ஏற்றிய முதல் இரண்டு நாள் உடம்பிலிருந்து வெளியேறும் திரவங்களில் மருந்தின் எச்சம் இருக்கும் என்பதால், அவை பட்ட துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்வார்கள். ஆக, வீட்டில் உள்ள மற்றப் போர்வைகளைவிட இது பல மடங்கு அதிகம் சலவைக்குப் போகும். கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

கட்டில் அளவுக்குத் தொடங்குவது

முதல் குவில்ட்டையே இரட்டைக் கட்டிலுக்குத் திட்டமிடுவார்கள். அது முடிவதற்குள் நோயாளியின் சிகிச்சையே முடிந்துவிடும். முடித்தாலும் பலவீனமான கையால் தூக்க முடியாத கனம்.

நாற்காலியில் உட்கார்ந்து போர்த்த 42 க்கு 54 அங்குலம் போதும். ஆறரை அங்குலச் சதுரமாக 63 துண்டுகள் வெட்டி, குறுக்கே 7, நெடுக்கே 9 என்று அடுக்கிக் கால் அங்குலத் தையலில் இணைத்தால் இந்த அளவு வந்துவிடும். 44 அங்குல அகலத் துணியில் கரையை நீக்கினால் ஒரு பட்டைக்கு ஆறு சதுரம், மொத்தம் 11 பட்டை. எல்லாத் துணியையும் சேர்த்து மேல்துணிக்கு 2 மீட்டர் ஆகும். அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, 50 க்கு 62 இருக்க வேண்டும். 50 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகளைப் பக்கவாட்டில் இணைத்தால் கிடைக்கும், இரண்டே முக்கால் மீட்டர் வாங்குங்கள். விளிம்பைச் சுற்றி மூடும் ஓரப்பட்டைக்கு இரண்டரை அங்குல அகலத்தில் ஆறு பட்டை. ஐந்து போதும் என்று தோன்றும். சாய்வாக இணைக்கும்போது ஒவ்வோர் இணைப்பிலும் நீளம் குறையும், கடைசி மூலையில் பட்டை எட்டாது.

சக்கர நாற்காலிக்கு என்றால் 36 க்கு 45 போதும். அதைவிடப் பெரிதானால் ஓரம் தொங்கிச் சக்கரத்தில் மாட்டும்.

துவைக்காமல் கொடுப்பது

மற்றத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் பாதிப்பேர் கேட்பதில்லை. "புதுசா இருக்கும்போதே கொடுத்தால்தான் அழகு, துவைத்தால் மொடமொடப்பு போய்விடும்" என்பார்கள். அந்த மொடமொடப்பு துணிக்கு ஏற்றிய கஞ்சி. கூடவே கடைத் தூசி, பல கைகளின் அழுக்கு, அடுக்குகளை ஒட்டத் தெளித்த ஸ்ப்ரே பசை, சாக்பீஸ் பொடி எல்லாம் இருக்கும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு ரத்தத்தில் குறைந்து கிடக்கும் ஒருவரின் மடியில் போடுவதற்கு இதெல்லாம் எதற்கு?

சுத்தம் ஒரு பாதிதான். முதல் சலவை என்பது குவில்ட்டுக்கு வைக்கும் பரீட்சை. அந்தப் பரீட்சையைத் தைத்தவர் வைக்காவிட்டால் நோயாளியின் வீட்டு வாஷிங் மெஷின் வைக்கும். அதில் தோற்றால் வந்து சொல்லமாட்டார்கள். அன்பாகக் கொடுத்ததைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. குவில்ட் பேசாமல் அலமாரிக்குப் போய்விடும், கொடுத்தவரோ அதே தவறோடு அடுத்ததைத் தைத்துக்கொண்டிருப்பார்.

தோற்பது பெரும்பாலும் சாயத்தில். வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே அடர் சிவப்பு வைத்துத் தைத்தார் ஒருவர். கண்ணைப் பறிக்கும் சேர்க்கைதான். சிவப்புத் துணியை ஒரு தடவைகூட நனைத்துப் பார்க்காமல் கொடுத்துவிட்டார். முதல் சலவையில் வெள்ளை அத்தனையும் திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பு. ரத்தக்கறை மாதிரி இருந்ததாம். பல வார உழைப்பு, மூன்று நான்கு மீட்டர் துணி, எல்லாம் ஒரு மணி நேரத்தில் போனது. வெட்டுவதற்கு முன் இரண்டு அங்குலத் துண்டை ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு சொட்டுச் சலவைத் திரவத்தோடு அரைமணி நேரம் போட்டு வைத்திருந்தால் தெரிந்திருக்கும். தண்ணீர் நிறம் மாறினாலோ, எடுத்து வெள்ளைத் துணியில் அழுத்தும்போது கறை விழுந்தாலோ அந்தத் துணி வெள்ளைக்குப் பக்கத்தில் போகக்கூடாது. சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு நான்கையும் சோதிக்காமல் நம்பாதீர்கள். உப்பு போட்டு ஊறவை, வினிகர் ஊற்று என்று வரும் அறிவுரைகளை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே சாயமேற்றி விற்கும் பருத்தியில் மிச்சச் சாயத்தை அவை பிடித்து நிறுத்தாது.

அடுத்தது சுருக்கம். துவைக்காத பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 54 அங்குல நீளத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல்கூடப் போகலாம். எல்லாம் சேர்ந்து சுருங்கினால் பிரச்சினை இல்லை, லேசான சுருக்கம் குவில்ட்டுக்கு அழகுதான். பாதித் துணியை முன்னாலேயே துவைத்து, பாதியைத் துவைக்காமல் சேர்ப்பதுதான் வினை. ஒரு கட்டம் இழுக்க, பக்கத்துக் கட்டம் உப்பும். துவைத்தால் எல்லாவற்றையும் துவைத்து வெட்டுங்கள், இல்லையென்றால் வெட்டும் முன் எதையும் துவைக்காதீர்கள். மேற்பரப்பில் மெல்லிய பஞ்சு எழும்பிய ஃபிளானல் துணி மட்டும் விதிவிலக்கு. அது கூடுதலாகச் சுருங்குவதால் அடித்துணிக்கு அதைப் போட்டால் முன்னாலேயே துவைத்தாக வேண்டும்.

மூன்றாவது, தையல். கால் அங்குலம் விட வேண்டிய இடத்தில் நூலளவு விட்டுத் தைத்த இணைப்பு மேசைமேல் பார்க்க நன்றாகவே இருக்கும். மெஷினில் சுற்றி வெளியே வரும்போது இழை பிரிந்து வாய் பிளந்திருக்கும். உங்கள் கையில் இருக்கும்போதே பிளந்தால் அரைமணி வேலை. அங்கே போய்ப் பிளந்தால் தைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெம்பு இருக்காது.

துவைக்கும் வரிசையும் முக்கியம். நீரில் அழியும் நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தால், இஸ்திரிப் பெட்டி அருகே கொண்டுபோகும் முன் வெறும் குளிர்ந்த நீரில் முழுக்க நனைத்து அலசுங்கள். சூடோ சோப்போ முதலில் பட்டால் அந்தக் கோடு நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனாவை நம்பி மேல்பக்கம் வரையாதீர்கள். கடுங்குளிரில் கோடு திரும்பி வரும், அடர் நிறத் துணியில் வெளுத்த தடமும் விடும். அலசிய பிறகு வாசனை இல்லாத சலவைத் திரவத்தில், தண்ணீரில் கலக்கும் சாயத்தை உறிஞ்சிப் பிடிக்கும் தாள் ஒன்றையும் போட்டு, நோயாளியின் வீட்டில் துவைப்பது போலவே வெந்நீரில் துவையுங்கள். அந்தச் சூட்டைத் தாங்காத குவில்ட் இந்த வேலைக்கு ஆகாது.

சாயம் விட்டுவிட்டதா? காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரத்தோடு அப்படியே பெரிய தொட்டியில், குவில்ட் தாராளமாக மிதக்கும் அளவு வெந்நீரில் சலவைத் திரவம் கலந்து ஒரு இரவு ஊறவையுங்கள். விடிந்ததும் தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள், தண்ணீர் தெளியும்வரை. பெரும்பாலும் தப்பித்துவிடும். காய்ந்து சூடேறிய கறைதான் போகாது.

நடுப்பஞ்சின் உறையைப் படிக்காமல் எறிவது

மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு எல்லாம் ஒன்றில்லை. எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட வேண்டும் என்று உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். பிணைப்பு எதுவும் இல்லாத பருத்தி விரிப்புக்கு 2 முதல் 4 அங்குலத்துக்குள் தையல் வேண்டும். மெல்லிய வலை சேர்த்து ஊசியால் குத்தி இறுக்கியது 8 அங்குலம்வரைகூடத் தாங்கும். ஆறு அங்குலச் சதுரத்தின் ஓரத்தில் மட்டும் தைத்துவிட்டு நடுவில் எதுவும் இல்லாமல் விட்டால், முதல் வகை நாலு சலவையில் உருண்டு மூலையில் கட்டியாகச் சேரும். மூலைக்கு மூலை குறுக்காக ஒரு தையல் போட்டுவிடுங்கள், கவலை இல்லை. நூலால் முடிச்சுப் போடுபவர்களும் நாலு அங்குலத்துக்கு ஒன்று போட வேண்டும்.

தடிமனான பஞ்சு பார்க்கச் சொகுசு, ஆனால் கனம், காய நேரம் எடுக்கும். மெல்லியதே மேல். கம்பளிப் பஞ்சு வெந்நீரில் கம்பளமாக இறுகிவிடும், இங்கே வேண்டாம்.

ஊசியை எண்ணாமல் வைப்பது

எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தாலும் கொடுக்காதீர்கள். ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணு குறைந்தவருக்குச் சின்னக் குத்தும் ரத்தம் நிற்காமல் போகக்கூடும், கிருமி நுழையும் வாசலும் அதுதான். மூன்று அடுக்கையும் பிடிக்கக் குண்டூசியை விட ஊக்கு நல்லது. நாலு அங்குலத்துக்கு ஒன்று. தைத்து முடித்ததும் காந்தத்தை இரண்டு பக்கமும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

மணி, பொத்தான், ஜரிகை

வேண்டாம்.

வாசனை

கீமோவில் இருப்பவர்களுக்கு மற்றவர்கள் கவனிக்காத வாசனைகூடக் குமட்டும். துணி மென்மையாக்கும் திரவம், நாப்தலீன் உருண்டை, சிகரெட், சமையல் தாளிப்பு என்று பருத்தி எதையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். "நல்ல வாசனையா இருக்கட்டும்" என்று லாவண்டர் பை வைப்பவர்களும் உண்டு. வைக்காதீர்கள். வீட்டில் நாய் பூனை இருந்தால் குவில்ட் வேலை நடக்கும் அறைக்கு அவற்றை விடாதீர்கள்.

அரைகுறையாகக் காயவைத்துப் பையில் போடுவது

ஓரம் காய்ந்துவிடும், நடுப்பஞ்சு காய்ந்திருக்காது. அதை பிளாஸ்டிக் உறையில் மூடினால் பூஞ்சை வரும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்குப் பூஞ்சை சாதாரண விஷயமில்லை. தொட்டால் காய்ந்த மாதிரித் தெரிந்த பிறகும் ஒரு நாள் காற்றில் விரித்து வைத்து, அப்புறம் மடித்து மூடுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று வார்டு போன்ற இடங்களில் வெளித்துணியையே அனுமதிக்காமல் இருக்கலாம். தைக்கத் தொடங்கும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

நோயை நினைவூட்டும் படங்கள்

புற்றுநோய் விழிப்புணர்வு ரிப்பன் படம், "போராடு", "நீ வெல்வாய்" என்ற எழுத்து எல்லாம் தைப்பவருக்கு உற்சாகம் தரும். சிலருக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் சிகிச்சை முடிந்து வீட்டு சோபாவில் போர்த்தும்போதும் அதே நோயைப் போர்த்திக்கொள்ள எல்லாரும் விரும்புவதில்லை. கேட்க வழியில்லை என்றால் அவருக்குப் பிடித்த நிறத்தில் வெறும் சதுரங்கள் போதும்.

நோயாளி தானும் தைக்க வரும்போது எல்லாவற்றையும் கையில் கொடுப்பது

இது நல்ல எண்ணத்தில் நடக்கும் தவறு. சில கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும். உணர்வில்லாத விரலுக்கும் துணி வெட்டும் ரோட்டரி கட்டரின் வட்ட பிளேடுக்கும் ஒத்துவராது. வெட்டும் வேலையை நீங்கள் முடித்து, சதுரங்களை அடுக்கி வரிசை எண் ஒட்டிக் கொடுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுப்பவர்களுக்குக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டாலே விரலில் கூச்சமும் வலியும் வரும், குளிர்ந்த அறையில் கத்தரிக்கோலைக் கையில் திணிக்காதீர்கள். அக்குளில் நிணநீர்க் கணு எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையில் ஊசி குத்தினால் தொற்றும் வீக்கமும் வரும் ஆபத்து உண்டு. விரலுறை கட்டாயம், ஒரே அசைவை நீண்ட நேரம் செய்யாமல் இடையிடையே கையை இறக்கி ஓய்வு. நூல் கோக்கச் சிரமப்படுபவர்களுக்குக் காதில் பிளவு உள்ள, மேலிருந்து நூலை அழுத்தினாலே உள்ளே போகும் ஊசி கிடைக்கிறது. தட்டணு மிகக் குறைவாக இருக்கும் நாட்களில் ஊசியே வேண்டாம். நிறங்களைத் தேர்ந்தெடுப்பதும் சதுரங்களை மேசையில் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பதும் குவில்ட் வேலைதான். பலருக்கு அதில்தான் அதிக ஈடுபாடு.

சலவைக் குறிப்பு இல்லாமல் கொடுப்பது

அடித்துணியின் மூலையில் மென்மையான பருத்தித் துண்டில் எழுதித் தைத்துவிடுங்கள். துணி எது, பஞ்சு எது, எத்தனை சூட்டில் துவைக்கலாம், உலர்த்தும் மெஷினில் போடலாமா, இந்த நான்கு வரிகள் போதும். ஏற்கெனவே வாசனையில்லாத திரவத்தில் துவைத்தாயிற்று என்றும் சேருங்கள், இல்லாவிட்டால் வந்த அன்றே மறுபடி துவைப்பார்கள். உங்கள் பெயரும் ஆண்டும் விருப்பம்போல. நோயாளியின் பெயரை மட்டும் கேட்காமல் தைக்காதீர்கள்.