நாயோடு தோப்பிலும் புதர்க்காட்டிலும் நடக்க: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலிருந்து உள்ளே பிரிந்தால் ஓர் ஏரிக்கரை வரும். கரையின் ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு. மறுபக்கம் காரையும் களாவும் ஈச்சையும் சீமைக் கருவேலமும் பின்னிக் கிடக்கும் புதர்க்காடு. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பொன்னியோடு அங்கேதான் நடக்கிறேன். பொன்னி செவலை நிறத்து நாட்டு நாய். பல்லாவரத்தில் ஒரு மழைநாளில் மூடிய கடை வாசலில் குட்டியாகக் கிடைத்தவள்.

போன வாரம் அங்கே ஓர் இளம் தம்பதியைப் பார்த்தேன். அவர்களோடு ஒரு கோல்டன் ரெட்ரீவர், ஒரு வயதுகூட இருக்காது. நடை முடிந்து கார் கதவைத் திறந்தார்கள். அந்தப் பெண் நாயின் முதுகை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஒட்டலை, ஏறுடா" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. கிட்டப் போய், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, அதன் முன்காலைத் தூக்கி விரலிடுக்கை விரித்துக் காட்டினேன். எள் அளவில் மூன்று உண்ணிகள் வரிசையாகக் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

"அக்கா, மாசாமாசம் இவனுக்கு மருந்து கொடுக்கிறோமே?" என்றார் அந்தப் பையன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் எடுத்துப் போங்கள், கழிவை அள்ளுங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காப்புக் காட்டைப் பூங்கா என்று நினைப்பது

மரம் இருக்கும் இடமெல்லாம் நாயோடு நடக்கும் இடம் அல்ல. கிண்டி தேசியப் பூங்கா ஊருக்கு நடுவே இருக்கிறது என்பதற்காக நாயை அழைத்துப் போக முடியாது. 2.7 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள அந்தக் காட்டில் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. 1978 முதல் அது தேசியப் பூங்கா. நன்மங்கலம் காடும் அப்படித்தான். அது வனத்துறையின் காப்புக் காடு. பழைய கல்குவாரிப் பள்ளத்தில் கொம்பன் ஆந்தை வாழும் இடம். நாய் துரத்திய மான் கடிபடாமலேயே அதிர்ச்சியில் செத்துப்போவதுண்டு. "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்பது அந்த மானுக்குத் தெரியாது.

நமக்கு மிஞ்சுவது ஏரிக்கரைகளும், உடையவர் அனுமதி கொடுத்த தோப்புகளும், ஊர்ப் பொது நிலங்களும்தான். தென் சென்னைக்கு வெளியே அவை இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. வனத்துறைப் பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள்.

காரில் ஏறியதும் நடை முடிந்தது என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி மாதம் அது. பொன்னிக்கு அப்போது மூன்று வயது. நல்ல நடை. ஈரம் காயாத புல், ஆடு மாடு மேய்ந்துபோன தடம், எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்துவிட்டேன். கண்ணில் பட்ட ஓர் உண்ணியைப் பிடுங்கிப் போட்டேன். அதோடு மறந்துவிட்டேன்.

பதினான்காம் நாள் காலையில் சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோழிக்கறி போட்ட சோறு. வெயில் ஆரம்பித்துவிட்டது, வயிறு மந்தமாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் மோர்ச் சோறு கொடுத்தேன், இரண்டு வாய் நக்கினாள். "நாட்டு நாய்க்கெல்லாம் ஒண்ணும் ஆகாது, தானே சரியாயிடும்" என்றார் என் மாமா. நானும் நம்பினேன். நான்காம் நாள் விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அவள் படுத்திருந்த இடத்தில் தரையில் நான்கைந்து சொட்டு ரத்தம். மூக்கிலிருந்து வந்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறு, உரித்த நுங்கு மாதிரி வெளுத்திருந்தது. அடிவயிற்றில் குண்டூசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள்.

பிளட் டெஸ்டில் பிளேட்லெட் 14,000. டெங்கு வந்த வீட்டில் எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும். நாய்க்கு அது இரண்டு லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருந்த ஒரு லாப்ரடார்தான் ரத்தம் கொடுத்தது. முப்பது கிலோ எடை, ஐந்து வயது. கழுத்து முடியை மழித்து ஊசி போட்டபோது அது அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. பொன்னி பிழைத்தாள். கண்ணுக்குள் ரத்தம் கசிந்ததில் இடது கண் பார்வை போனது போனதுதான். மொத்தச் செலவு 41,000 ரூபாய். முதல் நாளே போயிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் போதும். பணத்தை விடுங்கள். அந்த நான்கு நாள் தாமதத்துக்கு அவள் கண்ணைக் கொடுத்தாள் என்பதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

உண்ணிக் காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்வதில் முக்கியமானவை இரண்டு: எர்லிக்கியா, பேபீசியா. எர்லிக்கியா என்பது ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து பெருகும் பாக்டீரியா. பேபீசியா சிவப்பு அணுக்களை உடைக்கும் ஒட்டுண்ணி. அது வந்தால் சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போகலாம். எர்லிக்கியா பெரும்பாலும் கடித்த 8 முதல் 20 நாளுக்குள் தலைகாட்டும். சில நாய்களில் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூடப் பதுங்கியிருக்கும். எல்லோரும் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். ஞாயிறு நடந்தோம், திங்கள் நாய் துள்ளுகிறது, சரி, ஒன்றுமில்லை என்று மனசு கணக்கை முடித்துவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து அது சோறு வேண்டாம் என்னும்போது தோப்பு ஞாபகமே வராது.

அதனால் இப்போது என் சமையலறை மாதக் காலண்டரில், கேஸ் சிலிண்டர் போட்ட தேதிக்குப் பக்கத்திலேயே, காட்டுக்குப் போன தேதியையும் பென்சிலால் வட்டம் போட்டு வைக்கிறேன். அதிலிருந்து மூன்று வாரம் அவள் ஒரு வேளைச் சோற்றை ஒதுக்கினாலும் மறுவேளைக்குக் காத்திருப்பதில்லை. டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையே "இந்தத் தேதியில் உண்ணி இருக்கும் இடத்துக்குப் போனோம்" என்பதுதான். கேட்டதும் அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறார்.

அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாதாமாதம் கொடுக்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை நாயின் ரத்தத்தில் கலந்து வேலை செய்பவை. உண்ணி கடித்து ரத்தம் குடித்த பிறகுதான் சாகும். எர்லிக்கியா உடம்புக்குள் இறங்கச் சில மணி நேரமே போதும். ஆகவே மாத்திரை கட்டாயம் வேண்டும், ஆனால் அதை நம்பிக் கையால் தேடிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். தேடும் இடம் முதுகு அல்ல. காது மடலின் உட்பக்கம், கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி, நான்கு கால்களிலும் ஒவ்வொரு விரலிடுக்கு. காரில் ஏற்றும் முன் ஒரு முறை, வீட்டில் நல்ல வெளிச்சத்தில் ஒரு முறை, ராத்திரி இன்னொரு முறை.

கிடைத்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், ஊதுபத்தியால் சுடாதீர்கள். இரண்டும் உண்ணியைவிட நாயைத்தான் வதைக்கும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். டெட்டாலோ ஸ்பிரிட்டோ ஊற்றிய சின்ன டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிய ஒரு பெண் உண்ணி வீட்டுக்குள் விழுந்தால், சுவர் விரிசலிலோ கட்டிலுக்கு அடியிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அப்புறம் காட்டுக்கே போக வேண்டாம், காடு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம், இரண்டும் வீட்டுக்குள் நடக்கும் தவறுகள். நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும், இபுபுரூஃபன் குடலில் ரத்தக் கசிவைக் கொண்டுவரும். அடுத்தது, எர்லிக்கியாவுக்கு டாக்டர் தரும் டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள் கொடுக்க வேண்டிய மருந்து. மூன்றாம் நாளே நாய் எழுந்து ஓடும், சாப்பிடும். அப்போது பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். நிறுத்தினால் அது பதுங்கும், மறுபடி வரும். அந்த மாத்திரையைப் பாலிலோ தயிர்ச் சோற்றிலோ புதைத்துக் கொடுக்கவும் கூடாது. பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெறும் சோற்றில் கொஞ்சம் கறிச்சாறு விட்டு அதில் வைத்துக் கொடுங்கள்.

கயிற்றை அவிழ்த்துவிடுவது

வேண்டாம். ஆள்காட்டி, கவுதாரி போன்ற பறவைகள் முட்டையிடுவது தரையில்.

"ஏழு மணிதானே, வெயில் இல்லையே" என்பது

சென்னைக் காலையில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஆவி எங்கே போகும்? மே மாதத்தில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடும். நான் ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்குக் காரில் இருப்பேன். பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்களை ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் தோப்புக்கு அழைத்து வராதீர்கள்.

புற்றில் மூக்கை நுழைக்க விடுவது

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்குத்தான் நம் ஊரில் விஷமுறிவு மருந்து இருக்கிறது. மனிதருக்கும் நாய்க்கும் அதே மருந்துதான். அதைச் செய்யத் தேவையான விஷத்தைச் சேகரிப்பவர்கள், இதே செங்கல்பட்டு மாவட்டத்துப் புதர்களில் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்துவந்த இருளர்கள். 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், நாயை நடக்க விடாதீர்கள். தூக்கிக்கொண்டு போங்கள். எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது, ஞாயிறு காலையில் திறந்திருக்குமா என்பதைப் புறப்படும் முன்பே போன் செய்து கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடிபட்ட பிறகு தேடுவதற்கு அந்த நேரம் உங்களிடம் இருக்காது.

ஏரித் தண்ணீரைக் குடிக்க விடுவது

மழை முடிந்த மாதங்களில் எலிக்காய்ச்சல் கிருமி அந்தத் தண்ணீரில் இருக்கலாம். தடுப்பூசி உண்டு. வருடாவருடம் போடுங்கள்.

சீமைக் கருவேல முள்

உள்ளங்காலில் ஏறி, முனை உள்ளேயே ஒடிந்துவிடும். நொண்டவில்லை என்றாலும் ஒவ்வொரு திண்டையும் அழுத்திப் பாருங்கள்.

தோப்புக்காரரிடம் பேசாமல் நுழைவது

முதல் ஒரு வருடம் நான் யாரிடமும் பேசவில்லை. காவலுக்கு இருக்கும் பெரியவரைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். பிறகு ஒருநாள் அவரே நிறுத்தி, "எங்கேம்மா இருந்து வர்றே?" என்று கேட்டார். அன்றிலிருந்து வண்டியை நிறுத்தியதும் முதலில் அவர் கொட்டகைக்குத்தான் போகிறேன். ஆடுகள் எந்தப் பக்கம் மேய்கின்றன, எங்கே மரம் வெட்டுகிறார்கள், எந்த வரப்பில் நேற்றுப் பாம்புச் சட்டை கிடந்தது என்று எல்லாம் சொல்வார். போன மாதம் நான் கேட்கும் முன்பே கையை ஆட்டித் தடுத்தார்.

"இன்னைக்கு மேற்கால போகாதேம்மா. பக்கத்து வயல்ல எலிக்கு மருந்து வெச்சிருக்காங்க. கருவாட்டுல கலந்து வெச்சிருக்கான், உன் பொண்ணு மோப்பம் பிடிச்சுடும்."

நாங்கள் வழக்கமாக நடப்பது மேற்குப் பக்கம்தான். அன்று கிழக்கே திரும்பினோம்.