ஊர்ப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர்: ‘நமக்கு நாமே’ திட்டத்தில் நிதி பெறுவது எப்படி?

எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு மேற்குப் பக்கம் சுவர் கிடையாது. பிள்ளைகள் வைத்து நீரூற்றிய முருங்கைக் கன்றுகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆடுகள் மேய்ந்தன. நான்காம் ஆண்டு எங்கள் இளைஞர் மன்றம் சுவர் எழுப்பியே தீருவது என்று முடிவு செய்தது. அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் அதைக் கட்டினோம். இந்த வேலையை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். அதில் பிசகியதால்தான் எங்களுக்கு ஆறு மாதம் வீணானது.

முதலில் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். பொது வேலை ஒன்றின் செலவில் ஒரு பங்கை ஊர் மக்கள் போட்டால், மீதியை அரசு போடும். ஊரகப் பகுதியில் மக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று. 1997இல் தொடங்கிய இத்திட்டம் 2011இல் ‘தன்னிறைவுத் திட்டம்’ ஆனது. 2021இல் மீண்டும் பழைய பெயருக்கே வந்தது. பெயரோடு சில விதிகளும் மாறும் என்பதால், அப்போது நடைமுறையில் இருக்கும் வழிகாட்டு நெறிமுறையின் நகலை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். நகர்ப்புறத்துக்கு விதிகள் தனி. அங்கே நகராட்சி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

படி 1: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

அரசுப் பள்ளிக்குச் சுவர், கழிப்பறை, வகுப்பறை, நூலகக் கட்டடம், சிறுபாலம், குடிநீர் வசதி போன்றவை ஏற்கப்படும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் வேலைகளுக்கும் தனியார் சொத்துக்கும் இடமில்லை. சுவர், விளையாட்டுத் திடல், மேடை மூன்றையும் ஒரே மனுவில் எழுத வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் சிலர் வாதாடினார்கள். நல்ல வேளையாகச் சுவர் மட்டும் போதும் என்று நின்றோம். மூன்று வேலை என்றால் மூன்று மதிப்பீடு, மூன்று மடங்கு வசூல்.

படி 2: நிலத்தின் காகிதம்

மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பள்ளி நிலம் பள்ளியின் பெயரில்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்து, நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும், எல்லைகளைக் காட்டும் வரைபடமான புலப்படத்தையும் எடுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, எல்லை எங்கே ஓடுகிறது என்று நேரில் நடந்து பாருங்கள்.

நாங்கள் நடந்து பார்த்தபோது, சுவர் எழுப்ப நினைத்த கோட்டில் இருபது அடி நீளத்துக்கு வண்டிப்பாதை குறுக்கிட்டது. புலப்படத்தில் அது மெல்லிய இரட்டைக் கோடு. தரையில் வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. யாரும் நடக்காத பாதைதான், ஆனாலும் பதிவேட்டில் பாதை. சுவரை உள்ளே தள்ளி வரைந்துகொண்டோம். கடைக்கால் தோண்டிய பிறகு யாராவது ஆட்சேபித்திருந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும்.

பள்ளி வேலை என்றால் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டுக்கொள்வதும் நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடும். அடுத்த தேதியைப் பார்த்து உங்கள் வேலையைத் திட்டமிடுங்கள்.

படி 3: மதிப்பீடு, அதன் பிறகே வசூல்

நாங்கள் தவறிய இடம் இதுதான். ஊர்க் கொத்தனார் அளந்து பார்த்து நான்கு லட்சம் ஆகும் என்றார். மூன்றில் ஒரு பங்கு ஒன்றே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் என்று கணக்குப் போட்டு, வீடு வீடாக வாங்கி முடித்தோம். ஒன்றியப் பொறியாளர் தயாரித்த மதிப்பீடோ ஆறு லட்சத்து முப்பதாயிரம். அரசு மதிப்பீடு பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலை ஒட்டிப் போடப்படுவது. வரி, தொழிலாளர் நல நிதி எல்லாம் அதில் சேரும். எங்கள் பங்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரமாக உயர்ந்தது. கொடுத்தவர்களிடமே மறுபடி போய் நிற்பது எவ்வளவு கடினம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே முதலில் விருப்பக் கடிதம் கொடுங்கள். மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். நகலை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

“பொருள்: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு மேற்குப் புறச் சுற்றுச்சுவர் – நமக்கு நாமே திட்டம் – மக்கள் பங்களிப்பு அளிக்க விருப்பம் தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா, வணக்கம். மேற்படி பள்ளியில் 112 மாணவர்கள் படிக்கிறார்கள். மேற்குப் புறம் சுமார் 60 மீட்டர் நீளத்துக்குச் சுவர் இல்லை. மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்த ஊர் மக்கள் ஒப்புக்கொள்கிறோம். இடத்தை ஆய்வு செய்து மதிப்பீடு தயாரிக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: புலப்பட நகல், கிராம சபைத் தீர்மானம், தலைமை ஆசிரியர் கடிதம், புகைப்படம் 4.”

இவ்வளவு போதும். பள்ளியின் வரலாறு, தலைவர்களுக்கான பாராட்டு எதுவும் தேவையில்லை. எண்ணிக்கை, நீளம், பங்கு ஆகிய மூன்றும் முதல் பார்வையிலேயே கண்ணில் பட வேண்டும்.

படி 4: வசூல்

தனிநபர், குழு, நிறுவனம் என்று எவரும் பங்களிக்கலாம். அதனால் சங்கப் பதிவு இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆனால் இதற்குப் பின்னும் பல வேலைகள் செய்யும் எண்ணம் இருந்தால், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்ளுங்கள். குறைந்தது ஏழு பேர் வேண்டும். பணத்தை ஒருவரின் சொந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற வகையில் கூட்டுக் கணக்கு தொடங்குங்கள்.

வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் வாங்குங்கள். பத்து ரூபாய்க்கும் ரசீது எழுதுங்கள். எங்கள் ஊர்த் தையற்கடை அண்ணன் இருநூறு ரூபாய் கொடுத்தார். ரசீதை வாங்கி, எண்ணைப் படித்துப் பார்த்து, தையல் இயந்திரத்துக்கு மேலே இருந்த காலண்டர் ஆணியில் குத்திவைத்தார். அளவு கொடுக்க வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடி வந்தார்கள். இரண்டாம் சுற்று வசூலைக் காப்பாற்றியது அந்த ஆணிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

படி 5: பணம் கட்டுதல், அனுமதி

மக்கள் பங்குக்கான வரைவோலையை (டிமாண்ட் டிராஃப்ட்) யார் பெயரில் எடுக்க வேண்டும் என்பதை அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டு எடுத்து, பெயர் மாறிப்போனால் ரத்துக் கட்டணமும் அலைச்சலும் மிஞ்சும். கட்டியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆட்சியரின் நிர்வாக அனுமதி வந்த பிறகே வேலை தொடங்கும். ஆர்வத்தில் முன்கூட்டியே நாமே கடைக்கால் தோண்டிவிடக் கூடாது.

மக்கள் பங்கு மூன்றில் ஒன்றாக இருந்தால் வேலை ஒப்பந்தப்புள்ளி வழியாகப் போகும். பாதியோ அதற்கு மேலோ நீங்கள் கொடுத்தால், வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் இடமுண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் கைகொடுப்பதாக இருந்தால் இதை யோசிக்கலாம்.

படி 6: வேலை நடக்கும்போது

ஒப்பந்தக்காரர் செய்கிறார் என்று ஒதுங்கிவிடாதீர்கள். மதிப்பீட்டின் நகலை வைத்துக்கொண்டு கடைக்கால் ஆழம், கம்பியின் தடிமன், சிமென்ட் கலவை விகிதம் மூன்றையும் பாருங்கள். தினம் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். கட்டிய சுவர் வெயிலில் காய்ந்துவிடாமல் காலையும் மாலையும் நீர் ஊற்றும் வேலையை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் ஏற்றுக்கொண்டார்கள்.

வேலை முடிந்ததும் வரவு செலவை ரசீது எண் வாரியாக எழுதி, அடுத்த கிராம சபையில் வாசியுங்கள். எங்கள் கணக்கில் 1,340 ரூபாய் மீந்தது. என்ன செய்யலாம் என்று சபையிலேயே கேட்டோம். வாசல் கதவுக்குப் பூட்டும் புதிய முருங்கைக் கன்றுகளும் வாங்கச் சொன்னார்கள். பூட்டின் ஒரு சாவி தலைமை ஆசிரியரிடமும், இன்னொன்று பள்ளிக்கு எதிர்வீட்டு அக்காவிடமும் இருக்கிறது.