சினிமாப் பட மொன்ஸ்டரை டைனோசர் காலத்து ஊர்வனவா மாத்திக் கீறுறது எப்பிடி

கொட்ஸில்லா, ரோடான், கிடோரா மாதிரி ஜப்பான் படங்களில வாற ராட்சத மிருகங்கள் உண்மையிலயே ஒரு காலத்தில இந்தப் பூமியில நடந்து திரிஞ்சிருந்தா எப்பிடி இருந்திருக்கும் எண்டு கீறிப்பாக்க ஆசைப்படுற பிள்ளையளுக்காக இதை எழுதுறன். நான் இருக்கிறது கிளிநொச்சி இரணைமடுக் குளத்துப் பக்கம், இதுக்கெண்டே கொப்பி கொப்பியாக் கீறி முடிச்சிருக்கிறன்.

உடன பென்சிலை எடுக்காதேங்கோ. அந்த மிருகத்தைக் கறுப்பு நிழலா நினைச்சுப் பாருங்கோ, எந்த ரெண்டு விசயத்தை எடுத்திட்டா ஆளை அடையாளம் தெரியாமப் போகும்? கொட்ஸில்லாவுக்கு முதுகுத் தகடும் தடிச்ச வாலும். ரோடானுக்கு செட்டையும் தலைக்குப் பின்னால நீட்டிக்கொண்டு நிக்கிற கொம்பும். அந்த ரெண்டை மட்டும் காப்பாத்துங்கோ, மிச்சத்தை உண்மையான ஊர்வனவின்ர எலும்பிட்ட விட்டிடுங்கோ.

1954ஆம் ஆண்டு வந்த முதல் கொட்ஸில்லா உடுப்புக்குள்ள ஒரு மனுசன் நிண்டு நடிச்சது, அதால அது மனுசன் மாதிரி நிமிந்து வாலை இழுத்துக்கொண்டு நடக்குது. அந்தக் காலத்துப் புத்தகங்களிலயும் டைரனோசரஸ் எண்ட ரெண்டு காலில நடக்கிற பெரிய டைனோசரை அப்பிடித்தான் கீறினவை. இப்ப எங்களுக்குத் தெரியும், முதுகெலும்பு நிலத்துக்குச் சமாந்தரமா இருக்கும், வால் நிலத்தில முட்டாது. இடுப்பைத் தராசின்ர நடு எண்டு வையுங்கோ, ஒரு பக்கத் தட்டு தலை, மற்றப்பக்கத் தட்டு வால். காலைப் பின்னுக்கு இழுக்கிற பெரிய தசை வாலின்ர அடியிலதான் ஒட்டியிருக்கு, அதால வாலடியை மெல்லிசாக் கீறினா அந்த மிருகத்தால நடக்கவே ஏலாது. உள்ளங்கை கீழ பாக்கக்கூடாது, கைதட்டப் போற மாதிரி ஒண்டை ஒண்டு பாக்கவேணும்.

அடுத்தது அளவு. முதல் படத்துக் கொட்ஸில்லாவின்ர உயரம் 50 மீற்றர். டைரனோசரஸ் மூக்கில இருந்து வால்நுனி வரைக்குமே 12 மீற்றர்தான், நிறை 8 தொன் எண்டு வையுங்கோ. அதை 4 மடங்கு நீளமாக்கினா எலும்பின்ர குறுக்குவெட்டு 16 மடங்கு கூடும், நிறையோ 64 மடங்கு கூடி 500 தொன்னைத் தாண்டும், அப்ப எலும்பின்ர ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் முந்தியை விட 4 மடங்கு பாரம் தாங்கவேணும். அதால துணிஞ்சு சின்னனாக்குங்கோ. 12 மீற்றர் எண்டது மூண்டு உழவு மெசினை வரிசையா விட்ட நீளம், பக்கத்தில ஒரு பனையைக் கீறி விட்டா பாக்கிறவருக்கு அந்தப் பயம் தானா வரும்.

தோலுக்கு இன்ரநெற்றில படம் தேடுறதை விட குளத்துக்குப் போங்கோ. காலம வெயில் ஏறேக்க, முதலை கரையில வாயைத் திறந்துகொண்டு கிடக்கும், கிட்டப் போகாம குளக்கட்டில நிண்டு ஃபோனில சூம் பண்ணி எடுங்கோ. வாலை வடிவாப் பாருங்கோ: அடியில செதில் முள்ளு ரெண்டு வரியா வருது, நுனிப்பக்கம் போகப்போக ரெண்டும் சேர்ந்து ஒரே வரியாப் போகுது. கொட்ஸில்லாவின்ர தகட்டை நான் அந்த ஒழுங்கிலதான் வைக்கிறன், அதுக்குப் பிறகுதான் அது ஒட்டின தகடு மாதிரி இல்லாம உடம்பில முளைச்ச தகடு மாதிரி வந்தது. முதலை எழும்பித் தண்ணிக்குப் போகேக்க வயித்தைத் தூக்கி காலை உடம்புக்குக் கீழ கொண்டுவந்து நடக்கிறதையும் வீடியோ எடுத்து வையுங்கோ, நாலு கால் மொன்ஸ்டர் எல்லாத்துக்கும் உதவும்.

பாதத்துக்குக் கோழிக்கால் காணும், கறிக்கு வாங்கேக்க ஒண்டைக் கேட்டு வாங்கி மேசையில வைச்சுப் பாத்துக் கீறுங்கோ. முன்பக்கம் அகலத் தட்டுச் செதில், அடிப்பக்கம் மணிமணியா, நடக்கிறது விரலில, நாங்கள் முழங்கால் எண்டு நினைக்கிற இடம் உண்மையில கணுக்கால். வாய்க்கு உடும்பைப் பாருங்கோ. வாயை மூடினா அதுக்குப் பல்லுத் தெரியாது, டைரனோசரஸுக்கும் அப்பிடி உதடு இருந்திருக்கும் எண்டு 2023இல ஒரு ஆய்வு சொன்னது. முதலை மாதிரிப் பல்லு வெளிய தெரியக் கீறுறதா உதட்டால மூடுறதா எண்டது உங்கட விருப்பம், நான் மூடுறன், வாயைத் திறக்கேக்க கூடப் பயமா இருக்கு.

ரோடான் எண்டா டெரனோடொன், அது டைனோசர் இல்லை, பறக்கிற ஊர்வன. இதில எல்லாரும் பிழைவிடுற இடம் செட்டை. வௌவாலுக்கு நாலு விரல் செட்டைக்குள்ள போகுது, இதுக்கு நாலாவது விரல் ஒண்டு மட்டும்தான் நீண்டு முழுச் செட்டையையும் தாங்குது, மற்ற மூண்டு விரலும் நகத்தோட வெளிய சின்னனா நிக்கும். நிலத்தில ரெண்டு காலில நிப்பாட்டாதேங்கோ, செட்டையை மடிச்சு நாலு காலில நடக்க விடுங்கோ. பல்லும் வேண்டாம். செட்டை விரிச்சா 7 மீற்றர் வரைக்கும் போகலாம், அது காணாது எண்டா 10 மீற்றர் தாண்டின கெற்சால்கோட்லஸ் எண்ட இன்னொரு பறக்கிற ஊர்வனவை எடுங்கோ.

கிடோராதான் கஷ்டம், மூண்டு தலை. ரெண்டு தலையோட பிறக்கிற பாம்பு இருக்கு, ஆனா அது பெரிசா வளந்து ராட்சதனா வாறதை என்னால நம்பேலாது. நான் செய்தது, நீளக் கழுத்துக் கெற்சால்கோட்லஸ் மூண்டை ஒட்டி ஒட்டி நிக்க வைச்சு ஒரே நிழலா விழப் பண்ணினன். தூரத்தில பாத்தா ஒரு உடம்பும் மூண்டு தலையும், கிட்ட வந்தா ஒண்டாத் திரியிற மூண்டு மிருகம். கமேரா எண்ட ஆமை மொன்ஸ்டருக்குப் பெரிசா யோசிக்கத் தேவையில்லை, நாலரை மீற்றர் நீள ஆர்கெலோன் எண்ட கடலாமை இருக்கு.

எங்கட பக்கத்து மிருகமா வரவேணும் எண்டா டைரனோசரஸை விடுங்கோ, அது வட அமெரிக்காக்காரன். குஜராத்தில எடுத்த எலும்பை வைச்சு 2003இல பேர் வைச்ச ராஜாசோரஸ் எண்ட டைனோசரைப் பாருங்கோ, தலையில கட்டைக் கொம்பு, கட்டை மூஞ்சி. அதின்ர சொந்தம் மடகஸ்காரிலயும் இருந்தது, ஏனெண்டா ஒரு காலத்தில இந்தியாவும் மடகஸ்காரும் எங்கட தீவும் ஒரே நிலமா ஒட்டியிருந்தது. கொட்ஸில்லாவின்ர தகட்டை அந்த உடம்பில வைச்சுக் கீறினது எனக்கு மற்ற எல்லாத்தையும் விடப் பிடிச்சிருக்கு.

முடிஞ்சதும் கலர் அடிக்க முதல் அதின்ர வெளிக்கோட்டை வேற தாளில பதிச்சு உள்ளுக்க முழுக்கக் கறுப்பு மையால நிரப்பி வீட்டில இருக்கிற சின்னப் பிள்ளையிட்ட காட்டுங்கோ. உடன பேரைச் சொன்னா கலர் அடிக்கலாம், யோசிச்சுக்கொண்டு நிண்டா திரும்பத் தகட்டையும் வாலையும் இன்னும் கொஞ்சம் பெருப்பிச்சுக் கீறுங்கோ.