மேற்கு ஆப்பிரிக்க டிஸ்கோவும் இன்றைய இசையும்: கேட்கத் தொடங்குவது எப்படி?

'ஆப்பிரிக்க இசை' என்று தேடினால் நூற்றுக்கணக்கான பாட்டுகள் அடங்கிய பிளேலிஸ்ட்டுகள் வந்து விழும். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரே ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு, அதை யார் வாசித்தார்கள், எந்த ஊர், யார் வெளியிட்டார்கள் என்று நூல் பிடித்துப் போங்கள். புதிதாக வருபவர்களுக்கு இதுதான் நல்ல வழி.

முதலில் ஒரு ஹெட்போன் வேண்டும், சுமாரானதே போதும். இந்த இசையின் உயிரே பேஸில், அதாவது தாழ்ந்த சுருதி ஒலியில்தான் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் அது காதுக்கே எட்டாது.

அடுத்து, மனு திபாங்கோவின் 'சோல் மகோசா' (1972). நைஜீரியாவுக்குப் பக்கத்து நாடான கேமரூனைச் சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் அவர். அந்த ஆண்டு கேமரூனில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை கால்பந்துப் போட்டிக்காக ஒரு பாட்டு செய்தார். அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்ததுதான் 'சோல் மகோசா'. அப்போது நியூயார்க்கில் டேவிட் மன்குசோ, அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் தன் வீட்டிலேயே நடன விருந்து நடத்திவந்தார். 'லாஃப்ட்' என்ற அந்த இடத்தில்தான் டிஸ்கோ வேர்விட்டது. அவர் இந்தத் தட்டைச் சுழலவிட, அது வானொலிக்குப் போய், 1973-ல் அமெரிக்க ஹிட் பட்டியலிலேயே ஏறிவிட்டது.

மூன்றாவது படிக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். நைஜீரியாவின் எனுகு நகரில் இருந்துகொண்டு 1977 முதல் 1985 வரை தன் ஆல்பங்களைத் தானே வெளியிட்டவர் வில்லியம் ஒன்யேபோர். அவருடைய 'குட் நேம்' (1983) சுமார் 10 நிமிடம் ஓடும். முதல் தடவை டிரம் மெஷினை (தாளத்தைத் தானே வாசிக்கும் மின்னணுக் கருவி) மட்டும் கேளுங்கள். அப்புறம் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவி). மூன்றாம் தடவை, அவர் பாடப் பாடப் பெண் குரல்கள் பதில் சொல்வதைக் கவனியுங்கள். 'ஒரே சுற்றுதானே திரும்பத் திரும்ப வருகிறது' என்று இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள், அந்தச் சுற்றுதான் இசை. பின்னாளில் கிறிஸ்தவ பக்தியில் மூழ்கிய ஒன்யேபோர், தன் பழைய பாட்டுகளைப் பற்றிப் பேசவே மறுத்தார். 2013-ல் லுவாகா பாப் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு வழியாகத்தான் உலகம் அவரைக் கண்டுகொண்டது.

சரி, இப்போது தொகுப்புகளுக்குப் போகலாம். 80-களின் நைஜீரிய நகரமான லாகோஸுக்கு, சவுண்ட்வே என்ற இசை நிறுவனம் வெளியிட்ட 'டூயிங் இட் இன் லாகோஸ்' ஒன்றே போதும். கானாவுக்கு, ஜெர்மனியில் இருந்தபடி அந்நாட்டின் நடன இசையான ஹைலைஃபில் சிந்தசைசரைக் கலந்த ஜார்ஜ் டார்கோவைக் கேளுங்கள்.

இன்றைய இசைக்கு வரும்போது எல்லோரும் லாகோஸையே காட்டுவார்கள். நைஜீரியப் பாடகி டெம்ஸின் குரல் எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் நைஜர் நாட்டு எம்டூ மோக்தாரைத் தவறவிடாதீர்கள். சைக்கிள் பிரேக் கம்பிகளைத் தந்தியாகக் கட்டி முதல் கிடாரைத் தானே செய்துகொண்ட, சஹாரா பாலைவனத்துத் துவாரெக் இனக் கலைஞர் அவர். சஹாராப் பகுதியில் இவருடைய ஆரம்பகாலப் பாட்டுகள் போனிலிருந்து போனுக்குத்தான் பரவின. 'அஃப்ரிக் விக்டீம்' (2021) ஆல்பத்தில் தொடங்குங்கள்.

பிடித்துப்போனால் பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனை இணையதளத்தில் காசு கொடுத்து வாங்குங்கள். மறுவெளியீடு என்றால் கலைஞருக்குப் பங்கு போகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. பழைய கேசட்டுகளை மீட்டெடுக்கும் 'ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்கா' என்ற நிறுவனம் லாபத்தைக் கலைஞரோடு சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறது. அங்கே கானா கலைஞர் அட்டா காக்கின் 'ஒபா சிமா' ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.