கப்பலில் தனியாகப் போகிறீர்களா? பத்திரமாகச் சிநேகம் பிடிக்க ஒரு வழிகாட்டி

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி என்று எந்த ஊரை எடுத்தாலும், பிள்ளைகள் வெளிநாட்டில், தான் மட்டும் வீட்டில் என்று இருக்கிற ரிட்டையர்டு டீச்சர்கள், பேங்க்காரர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களில் பலர் இப்போது கப்பல் பயணம் பற்றி விசாரிக்கிறார்கள். திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூரில் மகன் வீட்டில் தங்கும்போது, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் வரை ஒரு சுற்று. அல்லது சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு. 2023 ஜூனில் ‘எம்ப்ரஸ்’ என்ற கார்டிலியா நிறுவனக் கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டதிலிருந்து நம் பக்கத்திலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது.

கேட்பவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. “தனியாப் போனா பேச்சுத் துணைக்கு யாரு?” “முன்னப்பின்னத் தெரியாதவங்கள எப்படி நம்புறது?” இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நம் தெருவில் காலை எட்டு மணி வரை ஒரு வாசலில் கோலம் விழவில்லை என்றால் எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். கப்பலில் அப்படித் தட்டுவதற்கு ஆள் கிடையாது. அந்த ஆளை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். பயந்துபோய் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்தான் கப்பலில் யார் கண்ணிலும் படாதவர். நாலு பேருக்குத் தெரிந்த முகமாக இருப்பது பெரிய காவல்.

படி 1: வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

கப்பல் அறைக்கு விலை பெரும்பாலும் இரண்டு பேருக்கென்று போட்டிருப்பார்கள். தனியாகப் போனால் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க, இணையத்தில் அறிமுகமான ஒருவரோடு அறையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை வரும். வேண்டாம். கதவைச் சாத்தினால் உங்களுக்கு மட்டுமே ஆன ஓர் இடம் முதல் பயணத்தில் கட்டாயம் வேண்டும். பணம் இடித்தால் ஜன்னல் இல்லாத உள்பக்க அறையை எடுங்கள். அதுதான் விலை குறைவு. பகலெல்லாம் வெளியில்தான் இருக்கப்போகிறீர்கள்.

கப்பலின் பெயர், அறை எண், கம்பெனியின் அவசரத் தொலைபேசி எண், எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு ஊரில் ஒருவரிடம் கொடுங்கள். நடுக்கடலில் சிக்னல் இருக்காது. கப்பலின் வைஃபைக்குத் தனிக்கட்டணம் இருக்கலாம். அதனால், “கரை தொட்டதும் மெசேஜ் போடுறேன், நடுவுல வரலன்னா பயப்படாதே” என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். கப்பல் நெட்வொர்க்கில் தானாக இணைந்துவிட்டால் ரோமிங் பில் தீட்டிவிடும்.

நகைகள் லாக்கரில் இருக்கட்டும். கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்று போதும். வீடு பூட்டியிருப்பதைப் பக்கத்து வீட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சொல்லாதீர்கள். படங்களை ஊர் திரும்பியதும் போட்டுக்கொள்ளலாம்.

சென்னையில் ஏறுவதாக இருந்தால் முதல் நாளே போய்விடுவது நல்லது. உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி விடிகாலை எழும்பூரில் இறங்கி அன்றைக்கே கப்பலைப் பிடிக்கலாம்தான். ஆனால் ரயில் தாமதமானாலும் கப்பல் காத்திராது.

பெரிய கப்பல் மலைப்பாகத் தெரிந்தால் நம் நாகப்பட்டினத்திலேயே ஒத்திகை பார்க்கலாம். நாகை–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மறுபடி வந்தது. ஏறக்குறைய 60 கடல் மைல், நாலு மணி நேரம். பாஸ்போர்ட், குடியேற்றச் சோதனை, கடல் ஆட்டம், பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சு என்று எல்லாம் சின்ன அளவில் பழகும். மழைக்காலத்தில் சேவை நிற்பதுண்டு. விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

படி 2: ஏறிய முதல் இரண்டு மணி நேரம்

அறைக்குப் போனதும் பெட்டியைத் திறக்க வேண்டாம், கதவைப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? வெளியில் நிற்பவரைப் பார்க்கக் கண்ணாடித் துளை இருக்கிறதா? சில அறைகளில் பக்கத்து அறைக்குப் போக ஓர் இடைக்கதவு இருக்கும். அதன் கைப்பிடியை நன்றாகத் திருகி இழுத்துப் பாருங்கள். திறந்தால் உடனே ரிசப்ஷனில் சொல்லிப் பூட்ட வையுங்கள். பால்கனி இருந்தால் அந்தக் கதவையும் இப்படியே சோதியுங்கள். பாஸ்போர்ட்டும் பணமும் பெட்டகத்துக்குள். பிறந்த வருடத்தை ரகசிய எண்ணாக வைக்காதீர்கள்.

அடுத்தது மஸ்டர் டிரில், அதாவது ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலிக்கருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இதை நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது. ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல் கேட்டால் அது அபாய அறிவிப்பு. உங்கள் கூடுமிடம் எது என்பது அறைச்சாவி அட்டையில் இருக்கும். லிஃப்டில் போகாமல் படிக்கட்டு வழியாக ஒரு தடவை நடந்து பாருங்கள்.

நட்புக்கும் இதுவே முதல் வாசல். பல கப்பல்களில் அந்தக் கூடுமிடத்துக்கு வருபவர்களில் பலர் உங்கள் நடைவழிக்காரர்களாகவே இருப்பார்கள். “நீங்களும் இந்தத் தளம்தானா?” என்று ஒரு வார்த்தை போதும். அறையைச் சுத்தம் செய்ய வரும் ஊழியரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பயணியை அவர் மறக்க மாட்டார்.

படி 3: எங்கே பழகுவது?

முதல் இரண்டு நாளுக்குள் பழகிவிடுங்கள். அதற்குப் பிறகு கூட்டங்கள் சேர்ந்துவிடும். நடுவில் போய் ஒட்டிக்கொள்வது சங்கடம்.

சாப்பாட்டு மேஜைதான் சிறந்த இடம். ரெஸ்டாரன்ட் பொறுப்பாளரிடம், “தனியா வந்திருக்கேன், நாலஞ்சு பேர் உட்கார்ற மேஜையில இடம் கொடுங்க” என்று கேளுங்கள். சைவம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடலாம். பல கப்பல்களில் தனிப்பயணிகள் சந்திப்பு என்று தினசரி நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கும், அதற்குப் போங்கள். விடிகாலையில் மேல்தளத்தில் நடப்பவர்கள், வினாடி வினா, சமையல் செய்து காட்டும் நிகழ்ச்சி எல்லாமே நல்ல இடங்கள். தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்குப் போவதில் பலன் உண்டு. மூன்றாம் நாள் நீங்கள் வரவில்லை என்றால், “எங்கே அந்த அம்மா?” என்று யாராவது கேட்பார்கள்.

ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். மூன்று நாலு பேரோடு பழகுங்கள். அதில் ஒரு குடும்பமாவது இருக்கட்டும். அவர்களில் ஒருவரோடு, “காலை டிபனுக்கு நான் வரலன்னா என் அறைக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. நானும் உங்களுக்கு அப்படியே செய்றேன்” என்று பேசிக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் பெயரைச் சொன்னாலே இணைப்புக் கொடுப்பார்கள். அறை எண் தேவையில்லை.

உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனியே கூட்டிப்போகத் துடிப்பவர், முதல் நாளே உங்கள் பென்ஷன் எவ்வளவு என்று கேட்பவர், நீங்கள் ‘வேண்டாம்’ என்றதும் முகம் மாறுபவர்: இந்த மூவரிடமும் கொஞ்சம் எட்டவே நில்லுங்கள். ஆணா பெண்ணா, நம் ஊரா வேற்றூரா என்பதைப் பார்க்க வேண்டாம். தமிழ் பேசுகிறார் என்பதே நம்பிக்கைக்குப் போதுமான காரணம் இல்லை. கடல் நடுவில் தமிழ்க்குரல் கேட்டால் மனசு இளகிவிடும், அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

படி 4: எதைச் சொல்வது, எதை வைத்துக்கொள்வது

நம் தஞ்சாவூர்ப் பேச்சு, “நமக்கு எந்த ஊரு?” என்றுதான் ஆரம்பிக்கும். பத்தே நிமிடத்தில் எந்தத் தெரு, பிள்ளைகள் எங்கே, வீட்டில் வேறு யார் என்பதுவரை போய்விடும். இந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஊர், கோயில், சமையல், பேரப்பிள்ளைகளின் குறும்பு எல்லாவற்றையும் தாராளமாகப் பேசுங்கள். மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: அறை எண், ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது, பண விவரம்.

பேச்சு இப்படி வரலாம்:

“தனியாவா வந்திருக்கீங்க, அம்மா?”
“நம்ம கூட்டம் இங்கதாம்ப்பா சுத்திக்கிட்டு இருக்கு.” (முந்தின படியைச் செய்திருந்தால் இது பொய்யும் அல்ல.)
“எந்த ரூம்?”
“எட்டாவது தளத்துப் பக்கம். நீங்க நாளைக்குத் திருகோணமலையில இறங்கிறீங்களா?”

மழுப்பிவிட்டு அடுத்த கேள்வியை நீங்கள் கேட்டுவிட வேண்டும். அதே கேள்வி மூன்றாம் முறை வந்தால், “அதெல்லாம் சொல்றதில்லைப்பா” என்று நேராகவே சொல்லலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

பாதுகாப்புக்காகவே பல கப்பல்களில் சாவி அட்டையில் அறை எண்ணை அச்சிடுவதில்லை. மறந்துவிடும் என்று அதன் பின்னால் நாமே பேனாவால் எழுதி வைத்துவிடக் கூடாது. காபி கவுன்ட்டரில் எண்ணைக் கேட்டாலும் சத்தமாகச் சொல்லாமல் அட்டையை நீட்டுங்கள். யாரோ பின்னால் வருவதுபோல் தோன்றினால் அறைக்குப் போகாதீர்கள். நேரே ரிசப்ஷனுக்குப் போங்கள், பெரிய கப்பல்களில் இரவிலும் அங்கே ஆள் இருப்பார்கள்.

படி 5: அறையும் குடிப்பதும்

புதிதாகப் பழகியவர்களை உங்கள் அறைக்குள் கூப்பிட வேண்டாம், நீங்களும் அவர்கள் அறைக்குப் போக வேண்டாம். அரட்டைக்கு லவுஞ்ச் இருக்கிறது, மேல்தளம் இருக்கிறது. பொதுவாக ஊழியர்கள் வேலையைத் தவிர வேறு எதற்கும் பயணிகள் அறைக்குள் வரக் கூடாது என்பது கப்பல் கம்பெனிகளின் விதி. மீறினால் வேலையே போகும். அதனால் ஓர் ஊழியர் தனியே சந்திக்கக் கூப்பிட்டால் தயங்காமல் புகார் செய்யலாம்.

ஜூஸானாலும் சரி, மதுவானாலும் சரி, ஊற்றுபவர் கையிலிருந்து நீங்களே வாங்குங்கள். மேஜையில் வைத்துவிட்டுப் போய்வந்தால் அதைத் தொடாதீர்கள், வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: துறைமுகத்தில் இறங்கும்போது

மூன்று நாலு பேராகவே இறங்குங்கள். கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போனால், தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக ஆட்டோ பிடித்துப் போனால் காத்திருக்காது. திரும்பி ஏற வேண்டிய நேரம் கப்பல் நேரப்படியா, உள்ளூர் நேரப்படியா என்று கேளுங்கள். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். நிகழ்ச்சி நிரல் தாளில் கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட்டின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படம் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

இப்போது சொல்வதை நம் பக்கத்துக்காரர்கள் தயவுசெய்து மனதில் வைக்க வேண்டும். திருச்சி விமான நிலையத்தைத் தெரிந்தவர்களுக்குக் ‘குருவி’ என்றால் என்னவென்று தெரியும்: கூலிக்காகப் பிறர் பொருளைத் தன் பையில் கடத்திக் கொண்டுவருபவர். கப்பலிலும் நல்லவிதமாகப் பழகிய ஒருவர், “அக்கா, என் பையில இடமில்ல, இந்தச் சின்னப் பார்சலை மட்டும் நீங்க வெளியில கொண்டு வந்து கொடுத்துடுங்க” என்று கேட்கலாம். சாக்லேட் என்பார், மருந்து என்பார், தங்கச்சிக்குப் புடவை என்பார். வாங்காதீர்கள். சோதனையில் அது உங்கள் பையில் இருந்தால் உங்கள் பொருள்தான். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்திய குற்றத்துக்குத் தூக்கு. “எனக்கு இந்தப் பழக்கமே கிடையாது தம்பி, கோவிச்சுக்காதே” என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். உண்மையான சிநேகிதர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படி 7: ஏதாவது தப்பாக நடந்தால்

சத்தம் போடுங்கள். வெட்கம் பார்க்காதீர்கள், வயசான நம்மை என்ன நினைப்பார்களோ என்றும் யோசிக்காதீர்கள். ரிசப்ஷனுக்குப் போய்ப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். இடம், நேரம் சொல்லி, கேமரா பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாளானால் பதிவு அழிந்துபோகலாம். உடலைத் தொட்ட தாக்குதலாக இருந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் கப்பல் மருத்துவரிடம் போங்கள். நடுக்கடலில் பொதுவாகக் கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் முதலில் வரும். அதனால் கரை தொட்டதும் இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். இலங்கையில் கொழும்பு தவிர யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. எண்களை ஊரிலேயே குறித்துக்கொண்டு போங்கள்.

படி 8: ஊர் திரும்பிய பிறகு

நல்ல சிநேகம் என்றால் போனில் தொடரும். “நம்ம ஊருக்கு ஒரு தடவை வாங்க” என்று நாமும் சொல்லாமல் இருக்க மாட்டோம். வந்தால் முதல் சந்திப்பைப் பெரிய கோயில் பிரகாரத்திலோ மகாமகக் குளக்கரையிலோ பகலில் வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு உங்கள் வீட்டு மனுஷர் ஒருவர் வரட்டும். பிடித்துப்போனால் அடுத்த தடவை வீட்டுச் சாப்பாடு.

பணம் கேட்டால், எத்தனை சின்னத் தொகையானாலும், யாரையும் கலந்து பேசாமல் அனுப்ப வேண்டாம். ஆஸ்பத்திரி, கஸ்டம்ஸில் பிடிபட்ட பரிசுப் பெட்டி, திடீர் முதலீடு என்று காரணம் எப்போதும் அவசரமாகத்தான் இருக்கும். வீடியோ கால் போட்டு முகம் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். முகம் காட்டினாலும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். அனுப்பியே விட்டீர்கள் என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அந்த நிமிடமே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வழி உண்டு. மெசேஜ்களை அழிக்காதீர்கள், வங்கி எஸ்எம்எஸ்ஸையும் அப்படியே வைத்திருங்கள், புகார் எடுப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.