பத்துப் பையும் ஒரு கை புளியங்கொட்டையும்: ஏடிபி சொல்லிக்கொடுக்கும் வழி

கோத்தகிரியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாலையில் உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு ஏடிபி. முதல் வருஷம் அதைச் ‘செல்லின் பணம்’ என்று சொல்லிக்கொடுத்தேன். “அப்போ எந்த பேங்க்ல மிஸ் போட்டு வைக்கும்?” என்றாள் ஒருத்தி. என்னிடம் பதில் இல்லை.

அது சேமிப்பே இல்லை. உடம்பு முழுக்கத் தேடினாலும் கால் கிலோவுக்குள்தான் இருக்கும். ஆனால் ஒரு நாளில் செய்து செலவழிப்பதைக் கூட்டினால் ஏறத்தாழ நம் எடை வந்துவிடும். அதே மூலக்கூறுதான் காலியாகிக் காலியாகி நிரம்புகிறது. எங்கள் தோட்டத்துத் தேயிலைச் சாக்கும் அப்படித்தான். இலை வண்டிக்காரர் நிரம்பிய சாக்கை ஏற்றிக்கொண்டு, அதே எண்ணிக்கையில் காலிச் சாக்கைப் போட்டுவிட்டுப் போவார்.

பத்துச் சின்னப் பைகள் எடுங்கள். பை அடினோசின், புளியங்கொட்டை பாஸ்பேட். மூன்று கொட்டை இருந்தால் ட்ரைபாஸ்பேட், இரண்டு இருந்தால் டைபாஸ்பேட். (சுருக்கி எழுதினால் தமிழில் இரண்டுமே ஏடிபி ஆகிவிடும். நாங்கள் ‘ட்ரை’, ‘டை’ என்றே கூப்பிடுகிறோம்.) தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம். அதுதான் மைட்டோகாண்ட்ரியாவின், அதாவது செல்லுக்குள் ட்ரை தயாராகும் கூடத்தின், உள்சவ்வு. உள்ளே ஒருவர் மூன்றாவது கொட்டையைப் போட வேண்டும். வெளியே இருவர் அதை எடுத்துச் செலவழிக்க வேண்டும். எடுத்த கொட்டையை வேறு வாசல் வழியாக உள்ளே உருட்டிவிடலாம். கோட்டின் மேல் நிற்பவர் ஒரு ட்ரையை வெளியே விட்டு ஒரு டையை உள்ளே வாங்குவார். ஒன்றுக்கு ஒன்று, கடன் கிடையாது. புத்தகத்தில் இவர் பெயர் அடினின் நியூக்ளியோடைடு டிரான்ஸ்லோகேஸ். என் பிள்ளைகளுக்கு வண்டிக்காரர்.

கொட்டை போடுபவர் சின்தேஸ் நொதி. பைக்காராவில் தண்ணீர் இறங்கி டர்பைனைச் சுற்றுகிற மாதிரி, சவ்வுக்கு வெளியே சேர்ந்திருக்கும் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) உள்ளே இறங்கி இதைச் சுற்றும். ஒரு சுற்றுக்கு மூன்று ட்ரை. புரோட்டான் இறக்கம்தான் அடிப்படை என்று உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961இல் எழுதினார். நோபல் 1978இல்தான் வந்தது.

இப்போது வெளியே இருப்பவர்களைச் சும்மா உட்காரச் சொல்லுங்கள். காலிப் பை திரும்பாது, கொட்டை குவிந்திருந்தும் உள்ளே வேலை நிற்கும், அதற்கான ஆக்சிஜன் செலவும் குறையும். தொட்டபெட்டா ஏறும்போது மூச்சு வாங்குவதும், உட்கார்ந்தால் அடங்குவதும் ஏன் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் வண்டிக்காரரை உட்கார வையுங்கள். உள்ளே நிரம்பிய பைகள் தேங்கும், வெளியே பஞ்சம். போன வருஷம் இந்த இடத்தில் ஒரு பையன் திருட்டுத்தனம் செய்தான். இரண்டு டை பைகளை எடுத்து, ஒன்றிலிருந்து ஒரு கொட்டையை மற்றதில் போட்டு, “ட்ரை ஒண்ணு கெடச்சிடுச்சு மிஸ்” என்றான். எல்லோரும் கத்தினார்கள். செல்லும் அதையேதான் செய்கிறது என்றதும் அடங்கினார்கள். அடினைலேட் கைனேஸ் நொதியின் வேலை அது. ஒற்றைக் கொட்டையோடு மிஞ்சும் பை மோனோபாஸ்பேட். அது கூடினால் செல்லுக்கு அபாயமணி: கொழுப்பை எரி, புதிதாக எதையும் கட்டாதே.

வண்டிக்காரரே பழுதாகப் பிறப்பவர்களும் உண்டு. இதயத் தசை தடிக்கும், நாலு படி ஏறினால் தசை சோரும், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். மைட்டோகாண்ட்ரியா நோய் என்றாலே அம்மா வழி என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அங்கேயே திருத்துங்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பவை 37 மரபணுக்கள்தான். அவை மட்டுமே அம்மா வழி. வண்டிக்காரரின் மரபணு உட்கருவில் இருக்கிறது, அப்பாவிடமிருந்தும் வரும். பிள்ளைக்கு எது வந்தாலும் அம்மாவைக் கைகாட்டுகிற ஊரில் இதை இரண்டு தரம் சொன்னாலும் தப்பில்லை.

கடைசியில் மார்க் கேள்வி ஒன்று வரும். ஒரு குளுக்கோஸுக்கு 38 ட்ரை என்பது பழைய கணக்கு. இப்போது 30 அல்லது 32 என்கிறார்கள். பை மாற்றுவதற்கும் கொட்டையை உள்ளே கொண்டுவருவதற்கும் புரோட்டான் இறக்கத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, வண்டி வாடகை மாதிரி. பரீட்சையில் மட்டும் அவரவர் பாடநூலில் அச்சாகியிருக்கும் எண்ணையே எழுதச் சொல்லுங்கள்.